முகமூடிக்குள் ஓர் அண்ணன்

நியூயார்க்கில் 1999-ம் ஆண்டு ஒரு சிறிய கம்பெனி வெளியிட்ட ராப் இசைத்தொகுப்பு, கால் நூற்றாண்டு கடந்த பிறகும் ரசிகர்களால் தேடிக் கேட்கப்படுகிறது. அதன் பெயர் 'ஆபரேஷன் டூம்ஸ்டே'. பாடியவர் எம்.எஃப். டூம். மேடையில் இவரது முகத்தைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. உலோக முகமூடி அணிந்துதான் ரசிகர்கள் முன் வருவார். 2020-ல் கண்ணை மூடும் வரை இந்த வழக்கத்தை அவர் விடவில்லை.

இது விளம்பரத்துக்காகச் செய்த தந்திரம் என்றே யாருக்கும் முதலில் தோன்றும். தொகுப்பை முழுவதும் கேட்டவர்கள் அப்படிச் சொல்வதில்லை. தம்பியைப் பறிகொடுத்து, கம்பெனியாலும் கைவிடப்பட்ட ஒருவர், தன் துக்கத்தைச் சொல்லக் கண்டுபிடித்த வழி அது.

ராப் என்பது முழுப் பாட்டும் அல்ல, வெறும் பேச்சும் அல்ல. தாளத்துக்குள் எதுகையும் இயைபும் அடுக்கி வேகமாகச் சொல்லிக்கொண்டு போவது. 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்துப் பையனான கூல் ஹெர்க், தன் சகோதரி ஏற்பாடு செய்த விருந்தில் இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓடவிட்டு, பாட்டில் தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்தை நீட்டிக் காட்டினார். ஹிப்-ஹாப் இசை பிறந்தது அன்றுதான் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். வாத்தியம் வாங்கக் காசில்லாத பிள்ளைகளுக்குப் பழைய இசைத்தட்டே வாத்தியம் ஆயிற்று.

இரண்டு சகோதரர்கள்

எம்.எஃப். டூமின் அசல் பெயர் டேனியல் டூமலே. 1971-ல் லண்டனில் பிறந்தார். தந்தை இன்றைய ஜிம்பாப்வே நாட்டவர். தாய் டிரினிடாட் தீவைச் சேர்ந்தவர். டேனியலின் சிறு வயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் குடியேறிவிட்டது. அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து 'கே.எம்.டி.' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அண்ணனுக்கு அப்போது 'ஸெவ் லவ் எக்ஸ்' என்று பெயர். தம்பி டிங்கிலிஸ்வே 'சப்ராக்' என்ற பெயரில் இசை அமைத்தார். பெரிய கம்பெனியான எலெக்ட்ரா இவர்களை எடுத்துக்கொண்டது. 1991-ல் வந்த முதல் தொகுப்பு 'மிஸ்டர் ஹுட்' நகைச்சுவையும் இளமையும் நிறைந்தது.

1993 ஏப்ரலில் இரண்டாவது தொகுப்பு ஏறக்குறைய முடிந்திருந்த நேரம். விரைவுச் சாலை ஒன்றைக் கடக்க முயன்ற சப்ராக் மீது கார் மோதியது. தம்பி இறந்தபோது அவருக்கு வயது 19. மீதி வேலையை அண்ணன் தனியாக உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்.

அந்தத் தொகுப்பும் வெளிவரவில்லை. கறுப்பு மக்களைக் கேலி செய்ய வெள்ளையர்கள் வரைந்துவந்த 'சாம்போ' என்ற பொம்மை உருவத்தைத் தூக்கில் தொங்கவிட்ட மாதிரி அட்டைப்படம் போட்டிருந்தார்கள். அந்த அவமானச் சின்னத்தையே தூக்கில் போடுகிறோம் என்பது அவர்கள் கருத்து. பில்போர்ட் என்ற இசைத் தொழில் பத்திரிகையின் பத்தியில் இதற்குக் கண்டனம் வந்தது. கம்பெனி பயந்தது. 1994-ல் தொகுப்பை நிறுத்தி, குழுவையும் கைகழுவிவிட்டது. தம்பி போய் ஓராண்டு ஆகும் நேரத்தில் வேலையும் போயிற்று.

அதன்பின் சுமார் மூன்று ஆண்டுகள் அவர் எங்கே இருந்தார் என்று ரசிகர்களுக்குத் தெரியாது. மான்ஹாட்டன் தெருக்களில் திரிந்ததாகவும், பெஞ்சுகளில் படுத்ததாகவும் பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

திரும்பி வந்தவர்

1997-ஐ ஒட்டி நியூயார்க்கின் 'நூயோரிக்கன் கவிஞர் கஃபே'யில் ஒருவர் மேடை ஏறத் தொடங்கினார். பெயர் கொடுத்த யாரும் பாடலாம் என்ற நிகழ்ச்சி அது. வந்தவர் பெண்கள் அணியும் மெல்லிய காலுறையைத் தலைவழியே இழுத்து முகத்தை மறைத்திருந்தார். பழைய ஸெவ் லவ் எக்ஸ்தான் அது என்று அங்கே பலருக்குத் தெரியாது.

அவரை நம்பிப் பணம் போட்டவர் பாபிட்டோ கார்சியா. கொலம்பியா பல்கலைக்கழக வானொலியில் நள்ளிரவு ராப் நிகழ்ச்சியை நண்பருடன் சேர்ந்து நடத்திப் பெயர் வாங்கியவர். சொந்தமாக 'ஃபாண்டில் எம்' என்ற சின்ன இசைத்தட்டுக் கம்பெனியும் வைத்திருந்தார். 1997-ல் அதன் மூலம் எம்.எஃப். டூமின் முதல் 12 அங்குல இசைத்தட்டு வந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து முழுத் தொகுப்பு வந்தது.

அமெரிக்க ராப் உலகம் அன்று இருந்த நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1996-ல் டூபாக், 1997-ல் நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்று இரண்டு பெரிய நட்சத்திரங்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். பணம் தண்ணீராக ஓடியது. தங்கச் சங்கிலியும் பளபளக்கும் உடையும் பெரிய காரும் இல்லாமல் வீடியோ எடுப்பதில்லை. எல்லாரும் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்த சமயத்தில் இவர் முகத்தை மூடிக்கொண்டு வந்தார்.

முகமூடி எங்கிருந்து வந்தது? 1962-ல் மார்வெல் காமிக்ஸில் தோன்றிய 'டாக்டர் டூம்' என்ற வில்லனிடமிருந்து. முகத்தில் வடுப்பட்டு, இரும்புக்குள் ஒளிந்துகொண்டு, உலகத்தின் மேல் வஞ்சம் வைத்திருப்பவன். தன்னைப் பற்றிப் பேசும்போதும் 'டூம் இதைச் செய்வான்' என்று அடுத்தவனைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்வான். டூமலே என்ற குடும்பப் பெயருக்குள்ளேயே டூம் இருந்தது வசதியாகப் போயிற்று.

பாட்டுகள்

தொகுப்பில் 19 பகுதிகள். அவற்றில் ஐந்து, பழைய கார்ட்டூன் படங்களிலிருந்து வெட்டி ஒட்டிய வசனத் துண்டுகள். வில்லன் எப்படி வில்லன் ஆனான் என்ற கதையை அந்தத் துண்டுகள் சொல்கின்றன. சிறு பிள்ளைகளின் படத்தில் வரும் அந்த வசனங்கள், தம்பியைப் புதைத்தவரின் தொகுப்பில் வரும்போது வேறு மாதிரி கேட்கின்றன.

இரண்டாவது பகுதியான 'டூம்ஸ்டே'தான் தொகுப்பின் உயிர். நைஜீரியாவில் பிறந்த பிரிட்டிஷ் பாடகி ஷாடேயின் 'கிஸ் ஆஃப் லைஃப்' என்ற காதல் பாட்டிலிருந்து இனிமையான ஒரு துண்டை எடுத்துப் பின்னால் ஓடவிட்டிருக்கிறார். அதன் மேல் ஒரு பெண் குரல் பல்லவி பாடுகிறது. இசையை மட்டும் கேட்டால் மாலை நேரத்து உல்லாசப் பாட்டு என்று எண்ணத் தோன்றும். சொல்லைக் கவனித்தால் அது கல்லறையைப் பற்றிய பாட்டு. தம்பி போன இடத்துக்குத் தானும் போகும்வரை இப்படித்தான் இருப்பேன் என்றும், கல்லறையில் தன் அசல் பெயருக்கு மேல் அதுவே எழுதப்பட்டிருக்கும் என்றும், எழுதாமலே விட்டாலும் யார் கண்டது என்றும் பொருள் வருகிறது. அசல் பெயரைக் குறிக்க அங்கே அவர் பயன்படுத்தும் கொச்சைச் சொல்லின் பொருள் 'அரசாங்கம்'. அதாவது, அரசாங்கக் காகிதத்தில் இருக்கும் பெயர்.

துக்கத்தை இவர் அழுது சொல்வதில்லை. குரல் தடித்தது, கொஞ்சம் கரகரப்பானது. எதையும் அவசரப்படாமல் சொல்லும். நாலு வரி சிரிப்பு மூட்டும், ஐந்தாவது வரி சுருக்கென்று குத்தும். அடுத்த வரியில் மறுபடி வேடிக்கைக்குப் போய்விடுவார். குத்தியது காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது. எதுகை அடுக்குவதில் இவருக்கு இணையானவர்கள் அந்த நாட்டிலும் குறைவு. வரிக்கு ஓர் எதுகை என்ற கணக்கே கிடையாது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் அதன் ஒலியை வரியின் நடுவிலும் கடைசியிலும் அடுத்த வரியின் தொடக்கத்திலும் வைத்துத் தைத்துக்கொண்டே போவார்.

'ரைம்ஸ் லைக் டைம்ஸ்' வேறு ரகம். பத்து டாலர் பொட்டலமாகப் போதைப் பொருள் விற்பவனைப்போல் எதுகைகளை விற்கிறேன் என்கிறார். இசையை அவர் எடுத்திருப்பது குவின்சி ஜோன்ஸின் மெல்லிய பாட்டு ஒன்றிலிருந்து. 'டிக் டிக்' என்ற பாட்டில் தாளமே ஓடுகிறது, தளர்கிறது, மறுபடி ஓடுகிறது. இரண்டு பேரும் அந்தத் தாளத்தை விடாமல் துரத்திப் பிடிக்கிறார்கள். கூடப் பாடும் எம்.எஃப். கிரிம், 1994-ல் சுடப்பட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்தவர். அந்தத் தகவலோடு கேட்கும்போது பாட்டு இன்னும் கனக்கிறது.

கேள்விக்குறியையே பெயராகக் கொண்ட பாட்டு 18-வதாக வருகிறது. அதன் கடைசியில் முகமூடி கொஞ்சம் விலகுகிறது. டூம் என்ற வில்லன் ஒதுங்கிக்கொள்ள, அண்ணன் நேரடியாகத் தம்பியிடம் பேசுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து வந்த தூரத்தை நினைக்கிறார். தம்பியின் புகைப்படம் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பதைச் சொல்கிறார். எல்லாம் நாம் போட்ட திட்டப்படியே நடக்கிறது என்று தகவல் கொடுக்கும் தோரணையில் முடிக்கிறார். ஊருக்குக் கடிதம் எழுதும்போது 'இங்கே எல்லாம் சௌக்கியம்' என்று முதல் வரி எழுதிப் பழகியவர்களுக்கு அந்தத் தோரணை நன்றாகப் புரியும்.

குறைகளும் உண்டு. ஒலிப்பதிவு சில இடங்களில் மங்கலாக இருக்கிறது. பின்னணி இசை குரலை மூழ்கடிக்கிறது. உடன் பாடும் நண்பர்கள் எல்லாருமே இவர் தரத்துக்கு வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. இரண்டொரு பாட்டில் டூம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. கெட்ட வார்த்தைகளும் வீண் ஜம்பமும் தாராளம். பெரிய கம்பெனியாக இருந்தால் இதில் பாதியைத் துடைத்துச் சரி செய்திருக்கும். மற்றொரு பாதியையும், அதாவது தம்பியைப் பற்றிய பகுதியையும், விற்காது என்று சொல்லி எடுத்திருக்கக்கூடும்.

தொகுப்பு வந்தபோது கோடிக் கணக்கில் விற்கவில்லை. கைக்குக் கை மாறித்தான் பரவியது. 2004-ல் மேட்லிப் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து இவர் செய்த 'மேட்வில்லனி' பெரும் புகழ் பெற்ற பிறகு, பழைய தொகுப்பையும் புதிய ரசிகர்கள் தேடினார்கள். பின்னாளில் முகமூடியை வேறு ஆளுக்கு மாட்டித் தன் நிகழ்ச்சிகளுக்கு அனுப்பிவைத்த கதையும் உண்டு. அது வில்லனின் விளையாட்டு என்று ரசிகர்களில் ஒரு சாரார் இன்றும் வாதாடுகிறார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனவனுக்கு அது ஏமாற்றுத்தான்.

காகிதம்

2010-ல் ஐரோப்பாவில் கச்சேரிகளை முடித்துக்கொண்டு அமெரிக்காவுக்குத் திரும்பியவரை அந்நாட்டு அதிகாரிகள் உள்ளே விடவில்லை. பிள்ளைப் பருவத்திலிருந்து அங்கே வளர்ந்து, அங்கேயே தம்பியைப் புதைத்து, அங்கேயே மனைவி மக்களோடு வாழ்ந்தவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. பிறந்த ஊர் என்ற ஒரே உறவு மட்டும் இருந்த லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். குடும்பம் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றது. 2012-ல் ஜனேரோ ஜாரெல் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட தொகுப்பில் இங்கிலாந்து வாழ்க்கையின் சாயல் நிறைய இருக்கிறது.

2020 அக்டோபர் 31-ந் தேதி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் காலமானார். வயது 49. குடும்பத்தார் டிசம்பர் 31-ந் தேதிதான் செய்தியை வெளியிட்டார்கள். இரண்டு மாதம் வரை ரசிகர்களுக்கு விஷயமே தெரியாது.

தொகுப்பு இப்போது கைபேசியிலேயே கிடைக்கிறது. நியூயார்க் கொச்சை ஆங்கிலம் என்பதால் ஒரு தடவை கேட்டால் பாதி பிடிபடாது. இரண்டாவது தடவை, அச்சிட்ட சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது. வீட்டில் குழந்தைகள் இருக்கும்போது சத்தமாக வைக்க வேண்டாம். வசனத் துண்டுகளில் சலிப்பு வருகிறவர்கள் நேராக 18-வது பகுதியைக் கேட்டுவிட்டு, அதன் பிறகு இரண்டாவது பகுதிக்கு வரலாம்.