உறவுக்கும் விலை உண்டு

நேட்டோவில் சேராமல் 1994 முதல் அதன் பங்காளியாக மட்டும் இருந்த பின்லாந்து, 2023-ல் உறுப்பினரானதைப் படித்தபோது எனக்குப் பாலக்காட்டுக் கோட்டை நினைவுக்கு வந்தது. கோவையிலிருந்து கேரளம் செல்லும் நம்மவர் பலர் பார்த்திருப்பீர்கள்.

1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவாங்கூரைத் தாக்கினார். மறு ஆண்டு ஆங்கிலக் கும்பினி, நிஜாம், மராட்டியர் மூவரும் அவருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்தனர். திருவாங்கூர் அந்தக் கூட்டில் இல்லை; கும்பினியின் நட்பு நாடு மட்டுமே. 1790 செப்டம்பரில் திப்புவிடமிருந்த பாலக்காட்டுக் கோட்டையைக் கும்பினிப் படை பிடித்தது.

திருவாங்கூர் பிழைத்தது. ஆனால் 1805 உடன்படிக்கைப்படி கும்பினிப் படைச் செலவுக்கு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட நேர்ந்தது. எதிர்த்துக் கிளம்பிய தளவாய் வேலுத்தம்பி 1809-ல் வீழ்ந்தார்.

ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்டுங்கள். பலசாலியின் துணை இலவசமல்ல என்பதையும் சொல்லுங்கள்.