முதல் சம்பளத்துடன் வரவேண்டிய சீட்டு

கனடாவுக்குக் குடியேறும் பிள்ளைகளை வழியனுப்பும்போது, குளிர்கால உடை முதல் ஊறுகாய் வரை எல்லாவற்றையும் எண்ணி எண்ணிப் பெட்டியில் வைக்கிறோம். அங்கே வேலைக்குச் சேர்பவருக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்பதை மட்டும் பெரும்பாலும் பேசாமலே அனுப்பிவிடுகிறோம். கையிருப்பு கரையத் தொடங்கும்போதுதான் அந்தக் குறை தெரியவருகிறது.

தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோ நகரம் அமைந்த ஒன்டாரியோ மாகாணத்தை எடுத்துக்கொள்வோம். வங்கி, விமானப் போக்குவரத்து, தொலைத்தொடர்பு போன்ற சில துறைகள் நீங்கலாக, அங்குள்ள பெரும்பாலான பணியிடங்களுக்கு மாகாணச் சட்டமே பொருந்தும்.

வேலை செய்ய முதலில் தேவைப்படுவது ஒன்பது இலக்கச் சமூகக் காப்பீட்டு எண். அரசு இதைக் கட்டணமின்றி வழங்குகிறது. வேலை விண்ணப்பத்தில் இதை எழுத வேண்டியதில்லை. பணியில் சேர்ந்தபின் நிறுவனத்திடம் கொடுத்தால் போதும். நேர்காணலுக்கு முன்பே இதைக் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அடுத்து எதிர்ப்படுவது, 'கனடாவில் அனுபவம் உண்டா?' என்ற கேள்வி. 25 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள், பொது வேலை விளம்பரங்களில் இந்த நிபந்தனையை விதிக்க 2026 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோ தடை செய்துள்ளது. ஆயினும் பொறியாளர், செவிலியர், ஆசிரியர் போன்றோர் அந்தந்தத் தொழிலுக்குரிய அமைப்பிடம் உரிமம் பெற்றாக வேண்டும். சான்றிதழ் மதிப்பீட்டை இங்கிருக்கும்போதே தொடங்குவோர் பல மாதங்களை மிச்சப்படுத்தலாம்.

உரிமம் வரும்வரை உணவகத்திலோ கிடங்கிலோ வேலை தேடுவது இயல்பு. அங்கே ஒருவர், "முதல் இரண்டு வாரம் பயிற்சி; சம்பளம் கிடையாது. பிறகு கையில் பணமாகத் தருகிறோம், வரிப் பிடித்தம் இல்லை" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவருக்கு அது உதவியாகவே தோன்றும். உண்மையில் அது இழப்பு. நிறுவனம் கட்டாயமாக்கும் பயிற்சி நேரமும் வேலை நேரமே. அதற்கும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. பெரும்பாலான வேலைகளில், வாரத்திற்கு 44 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம் தரவேண்டும். விடுமுறை ஊதியமாக, ஈட்டிய சம்பளத்தில் குறைந்தது 4 சதவீதம் சேரவேண்டும். முதல் மூன்று மாதங்களுக்குள் முன்னறிவிப்பின்றி வேலையிலிருந்து நீக்கலாம் என்றாலும், உழைத்த நாட்களுக்கான கூலியைப் பிடித்துவைக்க முடியாது.

சம்பளம் பணமாக வந்தாலும் சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டியது நிறுவனத்தின் கடமை. அந்தச் சீட்டு இல்லாவிட்டால், வேலை போனபின் வேலையின்மைக் காப்பீடு கேட்பதும், ஓய்வூதியக் கணக்கில் பங்களிப்பைக் காட்டுவதும் கடினமாகும். இந்தியாவுக்கும் கனடாவுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு உடன்பாடு 2015 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஓய்வூதியத் தகுதியைக் கணக்கிடும்போது இரு நாடுகளின் காலத்தையும் சேர்த்துக்கொள்ள அதில் இடமுண்டு. கணக்கில் ஏறாத உழைப்புக்கு அங்கும் பயனில்லை, இங்கும் பயனில்லை.

பணி அனுமதியில் செல்வோருக்கு ஒன்டாரியோவில் தனிப் பாதுகாப்பும் உள்ளது. வேலை பிடித்துத் தர அவரிடம் கட்டணம் வாங்குவதும், அவரது கடவுச்சீட்டைப் பறித்துவைப்பதும் சட்டவிரோதம். தரப்படாத ஊதியத்திற்காக மாகாணத் தொழிலாளர் அமைச்சகத்திடம் கட்டணமின்றி முறையிடலாம். அதற்கான காலவரம்பு பொதுவாக இரண்டு ஆண்டுகள். முறையிட்டதற்காகத் தண்டிப்பதும் குற்றமே. வேலை செய்த நாளையும் நேரத்தையும் அன்றன்றே குறித்துவைக்கும் ஒரு சிறு குறிப்பேடு அப்போது பெரிதும் துணைநிற்கும்.

புறப்படுமுன் நம் வங்கிக் கிளைக்கும் ஒருமுறை வந்து செல்லுங்கள். வேலைக்காக வெளிநாடு செல்பவரின் உள்நாட்டுச் சேமிப்புக் கணக்கு என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றப்பட வேண்டும். வெளிநாட்டு வருவாயை இந்தியாவுக்கு அனுப்பிச் சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு உண்டு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரிவிலக்கு இருந்தாலும், கனடாவில் வரி செலுத்தும் குடியிருப்பாளர் அந்த வருவாயை அங்கே கணக்கில் காட்டவேண்டும் என்பதை மறக்கலாகாது.

கடல் கடந்து சென்ற பிள்ளையிடம் நாம் தொலைபேசியில் முதலில் கேட்பது, "சாப்பிட்டாயா?" என்பதுதான். இனி அத்துடன், "சம்பளச் சீட்டு வந்ததா?" என்றும் கேட்போம்.