குழவி நின்றது, உரல் சுழன்றது!

சகோதரிகளே! மதுரையின் பழைய வீடுகளில் கொல்லைப்புறத்து ஆட்டுக்கல்லை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இட்லிக்குப் பெயர்பெற்ற இந்நகரில், அந்த மாவுக்குப் பின்னே எத்தனை பெண்களின் தோள்வலி இருந்தது என்பதை எவரும் கணக்கெடுத்ததில்லை.

அவ்வலிக்கு மருந்து கண்டவர் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி. 1955ஆம் ஆண்டு அவர் உருவாக்கியதே முதல் வெட் கிரைண்டர் என்பர். ஆட்டுக்கல்லில் உரல் அசையாது. குழவியைத்தான் கை சுழற்றும். அதே கையசைவை மோட்டாரைக் கொண்டு செய்விக்கலாம் என்பதே நம்மில் பலருக்கும் முதலில் தோன்றும். கிரைண்டரிலோ அது தலைகீழாயிற்று. குழவி ஓரிடத்தில் நிற்க, உரலே சுழன்றது! கல்லோடு கல் உரசி மெதுவாக அரைவதால் மாவு அதிகம் சூடேறுவதில்லை. உளுந்தும் நன்கு பொங்குகிறது. அதிவேகக் கத்தியால் அரைக்கும் மிக்சியில் இது அவ்வளவாக வாய்ப்பதில்லை. (வெளிநாட்டு மிக்சி நம் வீட்டு அரைப்பைத் தாங்காமல் பழுதானதே, மும்பையில் சத்யபிரகாஷ் மாத்தூர் 'சுமீத்'தை உருவாக்கக் காரணமாயிற்று என்பது தனிக்கதை.)

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபின், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் ஆட்டுக்கல் ஓய்வு பெற்றது.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விட மனமில்லை. கையைச் சுழற்றும் வேலை போயிற்று. ஈரக் குழவியைத் தூக்கிக் கழுவும் வேலை பெண்ணிடமே தங்கியது. இடுப்புவலியுள்ள தாய்க்கு அது சிறிய காரியமன்று. பின்னர் வந்த சாய்க்கும் கிரைண்டரும் மேசைக் கிரைண்டரும் அப்பாரத்தை ஓரளவே குறைத்தன. அடுத்த முறை கிரைண்டர் வாங்கச் செல்லும்போது, விலையைக் கேட்குமுன் குழவியை உங்கள் கையாலேயே ஒருமுறை தூக்கிப் பாருங்கள். உடன் வரும் கணவரையும் தூக்கச் சொல்லுங்கள்.