வேலையில் மிஞ்சினவர்கள்

தேவதானம் என்றால் கோயிலுக்கென்று விடப்பட்ட நிலம். சந்திர சூரியர் உள்ளவரை அந்த மானியம் செல்லும் என்று கல்லிலே வெட்டி வைப்பது அந்தக் காலத்து மன்னர்களின் வழக்கம். அந்தப் பெயரையே தாங்கிய ஊர் ஒன்று, இராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் வழியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி எழுந்தருளியிருக்கும் தலம் அது. அந்த வட்டாரத்தில் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் கிடைத்துவிட்டால், அதையும் சாசுவதமான ஒரு மானியமாகவே பெற்றோர் எண்ணியது உண்டு. நிலத்தை விற்றும் பாங்கியில் கடன் வாங்கியும் படிக்க வைத்தவர்களுக்கு வேறு எப்படி எண்ணத் தோன்றும்?

ஆனால் இந்த உத்தியோகத்துக்குக் கல்வெட்டு கிடையாது. ஓர் அறையில் பத்து நிமிஷப் பேச்சு, ஒரு காகிதம், அதோடு முடிந்துவிடுகிறது. வேலை இழந்தவரைப் பற்றி ஊர் பேசுகிறது. பக்கத்து நாற்காலியில் இருந்து தப்பித்துக்கொண்டவரைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. அவருக்கு என்ன குறை, சம்பளம்தான் வருகிறதே என்று விட்டுவிடுகிறோம். அவர் மனம் என்ன பாடுபடுகிறது என்பதைச் சற்று யோசிக்க வேண்டிய காலம் இது.

ஆலையும் கம்ப்யூட்டரும்

இந்தப் பகுதி தொழிலுக்குப் புதிதன்று. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா இராஜபாளையத்தில் நூற்பாலையைத் தோற்றுவித்தார். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். 1984-இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி ஏற்பட்டது. பொறியியல் படித்து வெளிவந்த இளைஞர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயில் ஏறினார்கள்.

ஆலையில் பஞ்சு வராவிட்டால் எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கம்பெனியில் பஞ்சும் தெரியாது, நூலும் தெரியாது. அமெரிக்காவிலுள்ள ஒரு பாங்கியோ இன்ஷூரன்ஸ் கம்பெனியோ தன் வேலையை வெளியே விடுகிறது. அதைத்தான் அவுட்சோர்சிங் என்கிறார்கள். நம் நாட்டுக் கம்பெனி அதை ஏற்றுக்கொண்டு, ஆளுக்கு இவ்வளவு என்று பில் போடுகிறது. பில் போட வேலை இல்லாத நாளில் ஊழியர் ‘பெஞ்ச்’சில் உட்காருகிறார். வேலை எங்கோ முடிவாகிறது. இங்கே இருப்பவருக்கு வதந்திதான் முதலில் வருகிறது.

இந்தியாவின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் ஸ்தாபனமான டி.சி.எஸ்., 2025 ஜூனில் ஒரு விதி செய்தது. வருஷத்தில் 225 நாட்களாவது பில் போடக்கூடிய வேலையில் இருக்க வேண்டும். பெஞ்சில் 35 நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அடுத்த மாதமே, மொத்தச் சிப்பந்திகளில் நூற்றுக்கு 2 பேரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுத்தர, மேல்மட்டப் பதவிகளில் உள்ளவர்கள் என்றும் சொல்லப்பட்டது. ஆறு லட்சம் பேரில் 12,000 என்பது கணக்கிலே சிறு தொகைதான். ஆனால் அந்த அறிவிப்பு வந்த இரவு, ஆறு லட்சம் வீடுகளிலும் அல்லவா தூக்கம் கெட்டிருக்கும்!

தப்பியவருக்கு வரும் நோய்

அமெரிக்க நிர்வாக நிபுணரான டேவிட் நோயர் 1993-இல் வெளியிட்ட ஒரு நூலில், ஆட்குறைப்பில் தப்பியவர்களைப் பீடிக்கும் மனநிலையை ஒரு நோய் என்றே வர்ணித்தார். அச்சம், கோபம், அவநம்பிக்கை, தான் மட்டும் தப்பிவிட்டோமே என்ற குற்ற உணர்வு ஆகியவை அதன் குணங்கள்.

காரியாலயத்திலே அது எப்படித் தெரியும்? தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லித் தருவதை ஒருவர் நிறுத்திவிடுவார். ரகசியம் தம்மிடம் இருக்கும்வரை வேலையும் இருக்கும் என்று நினைப்பார். லீவு எடுக்கப் பயப்படுவார். முடியாத கெடுவுக்கும் தலையை ஆட்டுவார். தவறு கண்ணில் பட்டாலும் வாய் திறக்கமாட்டார். திறமைசாலிகள் ஓசைப்படாமல் வேறு இடம் தேடிக்கொண்டு முதலில் போய்விடுவார்கள். நிர்வாகம் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக நினைக்கிறது. ஊக்கத்தில் ஏற்பட்ட நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

இந்தத் துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் டிஸ்னி கம்பெனியில் சுமார் 250 கம்ப்யூட்டர் ஊழியர்களுக்கு வேலை நீக்கம் சொல்லப்பட்டது. அவர்களில் பலர், வெளிக் கம்பெனிகள் மூலம் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குத் தங்கள் வேலையைக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக நேர்ந்தது. அன்று நாற்காலி பெற்றவர் நம்மவர். இன்று நம்மவர் தம் வேலையை யந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கிறோமோ என்று அஞ்சுகிறார். தன் இடத்துக்கு வருபவரைத் தானே பழக்கிவிட்டுப் போவதென்பது எந்த தேசத்து மனிதனுக்கும் கசக்கும்.

மரியந்தால் சொல்லும் பாடம்

ஆஸ்திரியாவில் மரியந்தால் என்று ஓர் ஆலைக் கிராமம். 1929, 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலை இழந்தது. மேரி யஹோடா முதலிய அறிஞர்கள் அங்கே தங்கி ஆராய்ந்து 1933-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வேலையில்லாதவர்களுக்குப் பொழுது நிறைய இருந்தது. ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பது முன்னைவிடக் குறைந்துபோயிற்று. ஆண்களின் நடை தளர்ந்தது. தெருவில் நடக்கும்போது நின்று நின்று போனார்கள். கூலி மட்டுமல்ல, பொழுதுக்கு ஓர் ஒழுங்கும் தனக்கு ஒரு மதிப்பும் வேலையோடு சேர்ந்து போய்விடுகின்றன என்று அவர்கள் கண்டார்கள். ஆலைகளைச் சுற்றி வளர்ந்த நம் ஊர்களுக்கு இது புரியாத விஷயமன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்ப்யூட்டர் ஊழியருக்குச் சட்டமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. 2014-ன் இறுதியில் டி.சி.எஸ். ஆட்குறைப்பு நடந்தபோது, சென்னையில் கர்ப்பிணியான ஓர் ஊழியர் நீதிமன்றத்தை நாடினார். 2015 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கம்பெனியும் வேலை நீக்க உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்துறையினர் சங்கம் அமைத்துக்கொள்ளலாம் என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது.

1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக, 2020-இல் இயற்றப்பட்ட தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. ஒரு வருஷம் தொடர்ந்து உழைத்த தொழிலாளியை ஆட்குறைப்புச் செய்தால், ஒரு மாத நோட்டீஸோ அதற்குரிய சம்பளமோ தர வேண்டும். பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்ட ஈடாகத் தர வேண்டும். மேலாளராக வேலை பார்ப்பவருக்கு இது பொருந்தாது. ஆயினும் விசிட்டிங் கார்டில் என்ன பட்டம் அச்சாகியிருக்கிறது என்பதைவிட, உள்ளபடி என்ன வேலை பார்த்தார் என்பதே முக்கியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தானாக ராஜிநாமா எழுதிக் கொடுத்துவிட்டால் அது ஆட்குறைப்பு ஆகாது. “கையெழுத்துப் போடுங்கள், நல்லபடியாக அனுப்பிவைக்கிறோம்” என்று யாரேனும் அவசரப்படுத்தினால், ஒரு நாள் தவணை கேட்டு, விஷயம் தெரிந்தவரிடம் காகிதத்தைக் காட்டிவிட்டுப் போடுவதே விவேகம்.

செய்யவேண்டியது

நிர்வாகத்துக்குச் செலவில்லாத வழிகள் சில உண்டு. ஆட்களைக் குறைத்தே தீரவேண்டுமானால், எத்தனை பேர், எந்த அளவுகோல், எப்போது முடியும் என்பதை ஒரே தடவையில், உள்ளபடி சொல்லிவிட வேண்டும். மாதா மாதம் பத்துப் பேர் என்று அனுப்பினால் மிஞ்சினவர்கள் மாதா மாதம் சாகிறார்கள். போகிறவரைக் குற்றவாளிபோல் வாசல்வரை காவலோடு அனுப்புவதை, இருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

வேலையை ஊர்ப்பக்கமாகக் கொண்டுவருவதும் ஒரு வழி. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி 2011 முதல் காரியாலயம் நடத்துகிறது. அதுவும் உலக வியாபாரத்தின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்டதுதான்; ஆனாலும் சொந்த வீட்டுச் சோறும் வாடகையில்லாத கூரையும் இருந்தால் ஒரு மனிதன் பயத்தைத் தாங்கும் சக்தி கூடுகிறது.

வீட்டாருக்கும் பொறுப்பு உண்டு. மகன் லீவில் வந்தால், சம்பளம் ஏறிற்றா, வீடு எப்போது வாங்குகிறாய் என்ற கேள்விகளைச் சற்று ஒத்திவைக்கலாம். ஆட்குறைப்பு என்பது கம்பெனியின் கணக்கு. பிள்ளையின் யோக்கியதைக்கு யாரும் போட்ட மார்க்கு அல்ல. இதைப் பெற்றோர் முதலில் உணர்ந்து, அவன் கேட்காமலே அவனிடம் சொல்லிவிட வேண்டும். கடனும் கல்யாணமும் நாலு மாதம் தள்ளிப்போனால் குடி முழுகிப் போய்விடாது. பயத்தை வாய்விட்டுச் சொல்ல வீட்டில் ஓர் இடம் இருந்தால், அவன் காரியாலயத்திலும் நிமிர்ந்து நிற்பான்.