கரைகாக்கும் முருகைக்கல்



முருகைக்கல் என்னும் பெயர் நம்மவர்க்குப் புதியதன்று. நெடுந்தீவில் வளவுகளைச் சூழ்ந்து நிற்கும் மதில்கள் இக்கற்களை அடுக்கிக் கட்டியவையே. யாழ்ப்பாணக் கோட்டையின் சுவர்களிலும் இக்கல்லைக் காணலாம். சாந்துக்கும், சுவருக்குப் பூசும் வெள்ளைக்கும், தாம்பூலத்துக்கும் வேண்டிய சுண்ணாம்பைத் தந்ததும் பல இடங்களில் இதுவே. இவ்வாறு நெடுங்காலம் பழகிப்போனமையால், நிலத்திற் கிடக்கும் ஏனைய கற்களுள் இதனையும் ஒன்றாக எண்ணிவிட்டோம். வெட்டியெடுக்கவும் தயங்கினோமல்லோம். இந்தக் கல் எவ்வாறு உண்டாகின்றது, கடலில் அது செய்யும் பணி யாது, அதனை நாம் எடுத்ததனால் விளைந்தது என்ன என்னும் மூன்றையும் பற்றியே இன்று பேச எண்ணியுள்ளேன்.

முருகைக்கல்லை ஆக்குவது பொலிப்பு எனப்படும் ஒரு சிற்றுயிர். அதன் உடல் மெல்லியது. வாயைச் சூழச் சிறு உணர்கொம்புகள் உண்டு. கடல்நீரிற் கரைந்துள்ள சுண்ணப் பொருளைப் பிரித்தெடுத்துத் தன் உடலுக்கு அடியில் ஒரு கிண்ணம்போல அது வீடு சமைத்துக்கொள்கின்றது. அது மடிந்தபின் வீடு எஞ்சுகின்றது. அதன்மேல் அடுத்த தலைமுறை தன் வீட்டைக் கட்டுகின்றது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயர்ந்து எழுந்ததையே கற்பார் என்கின்றோம். இச்சிற்றுயிர் தனித்து வாழ்வதில்லை. அதன் உடலினுள்ளே கண்ணுக்குப் புலனாகாத நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியைக்கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும் பங்கை வீட்டுக்காரருக்கு வாடகைபோலக் கொடுக்கின்றன. முருகைக்கல்லின் வண்ணமும் பெரும்பாலும் இக்குடியிருப்பாளரால் வருவதே. ஒளி வேண்டுமாதலால், தெளிந்த, ஆழமற்ற, வெதுவெதுப்பான கடலிலேதான் கற்பார் செழிக்கும்.

வளர்ச்சியோ மிக மந்தமானது. கிளைவிட்டு வளரும் வகைகள் சற்று விரைந்து வளரும். பாறைபோலத் திரளும் வகைகள் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளர்கின்றன. ஒரு முழ உயரமுள்ள திரளொன்று உருவாக நாற்பது ஆண்டுகளுக்கு மேற் செல்லும் என்பதை நீங்களே கணக்கிட்டு அறியலாம். சூளையில் இட்டால் அது சில நாள்களில் வெந்து நீறாகிவிடும்.

இனி, கற்பாரினால் வரும் பயனைப் பார்ப்போம். உலகக் கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூடக் கற்பார்கள் நிரப்பவில்லை. ஆயினும் கடல்வாழ் உயிரினங்களுள் ஏறத்தாழக் காற்பங்கு தம் வாழ்நாளில் எப்போதாவது அவற்றை நாடி வருகின்றன என்பர் அறிஞர். கலவாய், கிளிமீன், சிங்க இறால் முதலியவை அங்கே ஒளிந்து வாழ்ந்து இரைதேடுவன. கரைவலையும் தூண்டிலும் கொண்டு வாழும் குடும்பங்களின் அடுப்பு எரிவதும் எரியாததும் பெரிதும் இதனைப் பொறுத்தது. மீனைவிட முக்கியமான பயன் மற்றொன்று உண்டு. கரையை நோக்கி வரும் அலை கற்பாரிலே மோதி உடைந்து தன் வலிமையை இழக்கின்றது. உலகின் பல பாகங்களிலும் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கற்பார்கள் தணித்துவிடுகின்றன எனக் கூறுகின்றது. எந்தப் பொறியியலாளரும் சம்பளம் பெறாமல், எந்த அரசும் பணம் ஒதுக்காமல் எழுந்த அலைதடுப்புச் சுவர் இது.

இச்சுவருக்கு நம் நாட்டில் நேர்ந்ததை அறியத் தென்மேற்குக் கரைக்குச் செல்லவேண்டும். அம்பலாங்கொடைக்கும் திக்குவல்லைக்கும் இடைப்பட்ட கரையோரத்திலே சுண்ணாம்புச் சூளைகள் நெடுங்காலமாக எரிந்துவந்தன. 1984ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட கணக்கின்படி, அவ்வொரு பகுதியின் சூளைகளுக்கு மாத்திரம் ஆண்டொன்றுக்கு 18,000 தொன்னுக்கு மேற்பட்ட முருகைக்கல் சென்றது. அதில் ஒரு பகுதி, பழங்காலக் கடல் விட்டுச்சென்ற புதைபடிவாக நிலத்திலே தோண்டியெடுக்கப்பட்டது. மற்றொரு பகுதி கரையிலே பொறுக்கப்பட்டது. எஞ்சியது கடலிலிருந்தே உடைத்தெடுக்கப்பட்டது. கட்டடங்கள் பெருகப் பெருகச் சுண்ணாம்புக்குக் கிராக்கி ஏறியது. கரையோ ஆண்டுதோறும் அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைப் பாரவண்டிகளில் ஏற்றிக் கொண்டுபோய் அரசு அணையிட்டது. கடல் இலவசமாகக் கட்டித்தந்த சுவரை ஒருபுறம் உடைத்து விற்றுக்கொண்டு, மறுபுறம் பொதுப் பணத்திற் சுவர் கட்டிய விந்தையை என்னென்பது!

அரசு வாளாவிருந்துவிடவில்லை. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், கடல்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரும் கடற்பக்கம் 2 கிலோமீற்றரும் கொண்ட பரப்பைக் கரையோர வலயமாக வகுத்தது. 1988ஆம் ஆண்டில் அது திருத்தப்பட்டபோது, ஆராய்ச்சிக்காகவன்றி அவ்வலயத்தில் முருகைக்கல் எடுப்பது முற்றாகத் தடைசெய்யப்பட்டது. எனினும், கல்லெடுத்துப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் வேறு தொழிலறியாத ஏழைகள். சட்டம் வந்த அன்றைக்கே அவர்களின் பசி நீங்கிவிடவில்லை. ஆகவே, இரவிலும் விடியற்காலையிலும் கல்லெடுப்பது தொடர்ந்தது.

2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது. கொழும்பிலிருந்து மாத்தறைக்குச் சென்றுகொண்டிருந்த புகையிரதம் பெரேலியாவில் நின்ற வேளையில் அலைகள் அதனைப் புரட்டி எறிந்தன. அவ்வண்டியில் இருந்தவர்களும் அதில் ஏறித் தஞ்சம் புகுந்த ஊரவருமாக 1,000இற்கு மேற்பட்டோர் மாண்டனர். உலகப் புகையிரத வரலாற்றில் இதனினும் பேரிழப்பு நிகழ்ந்ததில்லை என்பர். அதனை அடுத்து அப்பகுதியை ஆராய்ந்த ஆய்வாளர் குழுவொன்று 2005ஆம் ஆண்டில் தன் முடிவை வெளியிட்டது. கற்பார் காப்பாற்றப்பட்டிருந்த ஹிக்கடுவையில் அலை 2 முதல் 3 மீற்றர் உயரமே எழுந்து, ஏறத்தாழ 50 மீற்றர் தூரமே உட்புகுந்தது. அங்கிருந்து சில கிலோமீற்றர் வடக்கே, கல்லெடுப்பினாற் கற்பார் சிதைந்திருந்த பெரேலியாவிலோ அலை 10 மீற்றர் அளவுக்கு எழுந்து, 1.5 கிலோமீற்றர் வரை நிலத்துட் பாய்ந்தது.

இங்கே நிதானமாகப் பேசவேண்டியவர்களாய் உள்ளோம். கடலடியின் சரிவு, கரையின் வளைவு, நிலத்தின் மேடுபள்ளம் ஆகிய யாவும் பேரலையின் போக்கை மாற்றவல்லன. இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தில் ஆராய்ந்தவர்கள், அங்கு வந்த மாபெரும் அலையைக் கற்பார் தடுத்ததாகக் காணவில்லை என்றே எழுதினர். ஆகவே, கற்பார் இருந்தால் எந்தப் பேரலையும் அஞ்சி ஒதுங்கும் என்று சொல்வது மிகை. ஆனால், பேரலை என்றோ ஒருநாள் வருவது. பருவக்காற்றின் அலையோ ஆண்டுதோறும் வருவது. அதனைத் தணிப்பதிற் கற்பாருக்குள்ள பங்கு ஐயத்துக்கு இடமில்லாதது.

சூளைக்கு மாத்திரம் கற்பார்கள் இரையாகவில்லை. வெடிபோட்டு மீன்பிடிப்பவன் ஒரு நொடியில் ஒரு கூடை மீனைப் பெறுகின்றான்; பேரன் காலத்திலும் மீளாத பாழை விட்டுச் செல்கின்றான். பாரின்மேல் விரித்த வலையை இழுக்கும்போது கிளைகள் முறிகின்றன. காடழித்த மேட்டுநிலத்துச் சேறு ஆற்றுவழி வந்து பொலிப்புகளை மூடுகின்றது. விடுதிகளின் கழிவுநீர் கடற்களைகளை ஊட்டி வளர்க்கின்றது. ஹிக்கடுவையிலும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவிலும் அழகு பார்க்க வருவோரே அதனை மிதித்து நொறுக்குகின்றனர்.

இவையெல்லாம் மனிதன் கையாற் செய்வன; கையைத் தடுத்தால் நின்றுவிடும். தடுப்பதற்கு அரிய வேறொரு கேடும் உண்டு. அது கடலின் வெப்பம். கோடைக்காலத்து வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 பாகை செல்சியசு கூடி, அது சில வாரங்கள் நீடித்தாற் போதும்; பொலிப்பு தன்னுள்ளே குடியிருந்த நுண்பாசியை வெளியேற்றிவிடுகின்றது. அப்போது நிறமிழந்து, எலும்புபோல வெளுத்துத் தோன்றும். வெப்பம் விரைவில் தணிந்தாற் பிழைக்கும். தணியாவிடிற் பட்டினியால் மடியும். 1998ஆம் ஆண்டில் இவ்வெளுப்பு நம் கடலையும் தாக்கியது. ஹிக்கடுவையிலும், கற்பிட்டிக்கு அப்பால் உள்ள ‘பார் ரீப்’ எனும் பெருங் கற்பாரிலும் ஆழங்குறைந்த இடங்களில் இருந்தவை பெரும்பாலும் மடிந்தன. திருகோணமலைப் பகுதி அம்முறை தப்பிக்கொண்டது. 2016ஆம் ஆண்டில் வெளுப்பு மீண்டும் வந்தது. 2023ஆம் ஆண்டில் தொடங்கிய உலகளாவிய வெளுப்பு, வரலாறு கண்ட இத்தகைய நிகழ்ச்சிகளுள் மிகப் பரந்ததாயிற்று. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகமனைத்தும் வெளிவிடும் காபனீரொட்சைட்டே இதற்கு மூலகாரணம். உலக வெப்பநிலை உயர்வு 1.5 பாகையை எட்டினால் உலகக் கற்பார்களில் 70 முதல் 90 சதவீதம் வரை அழியும் என ஐக்கிய நாடுகள் சபையின் காலநிலை அறிஞர் குழு 2018ஆம் ஆண்டில் எச்சரித்தது.

அவ்வாறாயின், ஊரார் வெடியையும் வலையையும் தடுத்து என்ன பயன் என்று சிலர் வினவலாம். இது நேர்மையான வினா. இதற்கான விடையை நம் கடலே தந்துள்ளது. 1998ஆம் ஆண்டின் அழிவுக்குப் பின்னர், கரைக்கு அப்பால் மனிதர் நெருக்கடியிலிருந்து விலகிக் கிடந்த ‘பார் ரீப்’பில் இளம் முருகைகள் மீண்டும் குடியேறிப் பத்தாண்டளவிற் பெரும் பரப்பை மூடின. கரையோடு ஒட்டிய ஹிக்கடுவையில், சேறும் மிதிப்பும் நிறைந்த சூழலில், மீட்சி மிக மந்தமாகவே இருந்தது. நோயிலிருந்து எழும்புபவனுக்கு நல்ல காற்றும் தூய நீரும் எப்படியோ, வெளுப்பிலிருந்து எழும்பும் கற்பாருக்குத் தெளிந்த கடலும் அமைதியும் அப்படியே. காய்ச்சலை நம்மால் தனித்து நிறுத்த முடியாது. நோயாளியை அடிக்காமல் விடவேனும் முடியும்.

அதற்கான அடிப்படை நம் நாட்டில் இடப்பட்டுள்ளது. ஹிக்கடுவை 1979ஆம் ஆண்டிற் சரணாலயமாகி, 2002ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ‘பார் ரீப்’ 1992ஆம் ஆண்டிற் சரணாலயமாயிற்று. புறாத்தீவு 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. வாகரையை அடுத்த காயங்கேணிக் கடற்பரப்பும் 2019ஆம் ஆண்டிற் பாதுகாக்கப்பட்டது. ஆனால், வர்த்தமானியில் ஒரு வரி அச்சிடப்படுவதனால் மாத்திரம் கடலிற் காவல் ஏற்பட்டுவிடாது. காவலுக்குப் படகு வேண்டும். படகுக்கு எண்ணெய் வேண்டும். யாவற்றுக்கும் மேலாக, அக்கரையில் வாழும் மீனவர்கள் தம் சொத்தாக அதனைக் கருதவேண்டும். கல்லெடுத்தவனுக்கும் வெடிபோட்டவனுக்கும் மாற்றுப் பிழைப்பைக் காட்டாமல் தண்டனையை மாத்திரம் காட்டுவது நீதியுமன்று, பயனுமன்று.

கரையோரப் பாடசாலைகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பறையிற் சுண்ணாம்புக்கல்லின் இயல்பைப் படிப்பிக்கும் நாளில், பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். தூரத்திலே அலை வெண்ணுரையாக உடையும் கோட்டைக் காட்டுங்கள். அங்கே உடைவதனால்தான் இங்கே நாம் நிற்கின்றோம் என்று சொல்லிக்கொடுங்கள். நம் முன்னோர் வீட்டுக்குச் சுவர் எழுப்பக் கடலின் சுவரிலிருந்து கல்லெடுத்தபோது அவர்களுக்கு இவ்வுண்மை தெரிந்திருக்கவில்லை. நமக்குத் தெரியும். தெரிந்தபின்னும் எடுப்போமாயின், அந்த வீட்டில் இருக்கப்போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லக்கூடிய சமாதானம் எதுவுமில்லை.