டீஹியூமிடிஃபையருக்கு இபி ரிபேட் கிடைக்குமா? அட்வான்ஸ் கட்டும் முன்னாடி ஒரு நிமிஷம்!



போன வாரம் நம்ம சேனல் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சொந்த ஊர் விழுப்புரம், வேலை சென்னையில். திண்டிவனத்தில் அப்பாவின் பழைய அரிசி குடோன் சும்மா கிடக்கிறது. அதில் ரேக் அடித்து, எல்.ஈ.டி. விளக்குப் போட்டு, லெட்யூஸ் கீரை வளர்த்து, பாண்டிச்சேரி ஓட்டல்களுக்குக் கொடுக்கலாம் என்று திட்டம். மெஷின் விற்பவர் ஒரு டீஹியூமிடிஃபையருக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டு, "கரண்டு கம்மியா இழுக்கிற மாடல் சார், இபியில ரிபேட் வாங்கிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கட்ட வேண்டும். கட்டலாமா என்பதுதான் கேள்வி.

நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். நம்ம ஊர் இபி ஆபீஸில் அப்படி ஒரு ரிபேட் கிடையாது. அந்த ரிபேட்டை நம்பித்தான் விலை உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால், அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

விற்பவர் முழுப் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. இந்தப் பேச்சு அமெரிக்காவிலிருந்து வருகிறது. ஒரேகான், வெர்மாண்ட் மாதிரி மாநிலங்களில், அறைக்குள் பயிர் வளர்ப்பவர்கள் கரண்டு குறைவாக இழுக்கும் விளக்கோ டீஹியூமிடிஃபையரோ வாங்கினால் பணம் திரும்பக் கொடுக்கிற திட்டங்கள் உண்டு. (அங்கே இப்படி வளர்க்கப்படுவதில் பெரிய பங்கு கஞ்சா. இங்கே அதைச் செய்தால் ரிபேட் இல்லை, ஜெயில்தான்.) புதிதாக மின்நிலையம் கட்டுவதைவிட, வாடிக்கையாளரிடம் பணம் கொடுத்து யூனிட்டை மிச்சம் பிடிக்க வைப்பது மலிவு என்பது அவர்கள் கணக்கு. இந்தியாவிலும் இந்த யோசனை புதுசு இல்லை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா எல்.ஈ.டி. பல்பு திட்டம் இதே கணக்குதான். டெல்லியில் பி.எஸ்.இ.எஸ். நிறுவனம் பழைய ஏசியைக் கொடுத்தால் ஃபைவ் ஸ்டார் ஏசியைத் தள்ளுபடியில் தந்தது. ஆனால் திண்டிவனம் குடோனில் வைக்கும் டீஹியூமிடிஃபையருக்கு அப்படி ஒரு கவுன்ட்டர் இல்லை.

சரி, முதலில் அந்த மெஷின் தேவையா? லெட்யூஸுக்குத் தேவைதான். செடிக்குக் கொடுக்கும் தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் இலை வழியாகக் காற்றுக்கே போய்விடும். விளக்கு எரியும்போது அறை சூடாகும், ஏசி ஓடும், ஏசியே ஈரத்தையும் எடுத்துவிடும். விளக்கை அணைத்ததும் சூடு குறைந்து ஏசி கம்ப்ரஸர் நின்றுவிடும், ஆனால் ஈரம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். காலையில் வந்து பார்த்தால் இலையில் பூஞ்சை. ஜன்னலைத் திறந்து வைத்தால் போச்சு என்று நினைக்காதீர்கள், ஐப்பசி, கார்த்திகையில் திண்டிவனத்தில் வெளிக்காற்றே சொதசொதவென்றுதான் இருக்கும்.

இப்போ பணக் கணக்கு. ஏசியில் ஸ்டார் பார்க்கிற மாதிரி இதில் பார்க்க வேண்டியது, ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் எடுக்கிறது என்பது. உங்கள் அறையில் ஒரு நாளைக்கு 100 லிட்டர் எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். யூனிட்டுக்கு 1.5 லிட்டர் எடுக்கும் மெஷின் தினமும் சுமார் 67 யூனிட் இழுக்கும். 2.5 லிட்டர் எடுக்கும் மெஷினுக்கு 40 யூனிட் போதும். மாதத்துக்கு 800 யூனிட் வித்தியாசம். யூனிட் 8 ரூபாய் என்று கணக்குக்கு வைத்தால் மாதம் 6,400, வருஷத்துக்கு ஏறக்குறைய 77,000 ரூபாய். நல்ல மெஷின் ஒன்றரை லட்சம் கூடுதல் விலை என்றாலும் இரண்டு வருஷத்தில் அந்தக் கூடுதல் காசு திரும்பிவிடும். ரிபேட் இல்லாமலேயே!

அப்போ அரசு உதவியே கிடையாதா? இருக்கு. ஆனால் எந்தக் கதவைத் தட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கு. இதில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள்.

தமிழ்நாடு அரசின் சிறு, குறு தொழில் துறையில் 'பீஸ்' என்று ஒரு திட்டம் உண்டு. உற்பத்தித் தொழில் செய்யும் யூனிட் மின்தணிக்கை செய்தால், அந்தச் செலவில் 75 சதவீதம், அதிகபட்சம் 1 லட்சம் வரை திரும்பக் கிடைக்கும். தணிக்கை அறிக்கை சொல்கிற மின்சிக்கன மெஷினை வாங்கினால் அதன் விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை. அமெரிக்க ரிபேட்டுக்கு நம்ம ஊரில் இருக்கும் நெருங்கிய சொந்தம் இதுதான். போக வேண்டிய இடம் இபி ஆபீஸ் இல்லை, விழுப்புரம் மாவட்டத் தொழில் மையம். புதிதாகத் தொடங்கும் குறு உற்பத்தி யூனிட்டுக்கு மின் கட்டணத்தில் 20 சதவீதம் 36 மாதத்துக்கு மானியமாகத் தருவதும் இதே அலுவலகம் வழியாகத்தான்.

கேட்க ஜோராக இருக்கு, இல்லையா? இரண்டு சிக்கல் இருக்கு.

ஒன்று, வரிசை. முதலில் தணிக்கை, பிறகுதான் மெஷின். ஆசையில் மெஷினை முதலில் வாங்கிவிட்டு பில்லைத் தூக்கிக்கொண்டு போனால் வேலைக்கு ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும் யூனிட்டைச் சரிசெய்யத்தான் இந்தத் திட்டம். நம்ம நண்பருக்கு இன்னும் யூனிட்டே இல்லை.

இரண்டாவது இன்னும் பெரிசு. கீரை வளர்ப்பது விவசாயம், உற்பத்தித் தொழில் இல்லை. உத்யம் பதிவில் பயிர் வளர்ப்பு வராது. அதே கீரையை, காளானை, முருங்கை இலையைக் காயவைத்துப் பொடியாக்கி பாக்கெட் போட்டால் அது உணவுப் பதப்படுத்தும் தொழில். ஒரே குடோன், ஒரே மெஷின்தான். வளர்க்கும் அறையில் வைத்தால் விவசாயம், உலர்த்தும் அறையில் வைத்தால் தொழில்! திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா இருக்கும்போது, இந்த இரண்டாவது பாதையைப் பற்றி ஏன் யாரும் வீடியோ போடுவதில்லை என்று எனக்குப் புரியவில்லை.

விவசாயப் பக்கத்துக் கதவில் ரிபேட் இல்லை, வட்டிச் சலுகை இருக்கு. மத்திய அரசின் வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, ஏழு வருஷம் வரை. ஹைட்ரோபோனிக்ஸ், காளான் எல்லாம் இதில் வரும். 2024 ஆகஸ்டுக்குப் பிறகு தனிநபரும் கேட்கலாம். 10 லட்சம் கடன் என்றால் முதல் வருஷம் ஏறக்குறைய 30,000 ரூபாய் மிச்சம், அசல் குறையக் குறைய அதுவும் குறையும். காளான் யூனிட் என்றால் தோட்டக்கலை இயக்கத்தில் 40 சதவீத மானியமும் உண்டு, ஆனால் பேங்க் கடனோடு சேர்ந்துதான். பணம் உங்கள் கைக்கு வராது, கடன் கணக்கில் நின்று கடைசியில் கழியும். அதனால் மானியத்தை நம்பி பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள், ப்ளீஸ்.

சம்பளக்காரர்களுக்கு ஒரு வரி விஷயம். அறைக்குள் வளர்க்கும் காளான் விவசாய வருமானமா என்ற சண்டை ஹைதராபாத் வருமான வரித் தீர்ப்பாயம் வரை போய், 2018ல் விவசாயம்தான் என்று சிறப்பு அமர்வு தீர்ப்பு சொன்னது. தட்டில் போட்ட மண்ணும் நிலம்தான் என்பது அந்த வாதத்தில் முக்கியம். மண்ணே இல்லாத லெட்யூஸுக்கு அது அப்படியே பொருந்தும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆடிட்டரைக் கேளுங்கள்.

காளான் பேச்சு வந்ததால் கேட்கிறேன், லெட்யூஸ்தான் வேண்டுமா? குளிர் பிரதேசத்துச் செடியை விழுப்புரத்து வெயிலில் வளர்க்க முதலில் ஏசி, அப்புறம் விளக்கு, அப்புறம் ஈரம் எடுக்க மெஷின். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 1998ல் வெளியிட்ட ஏபிகே 2 பால் காளான் 30 முதல் 35 டிகிரி சூட்டில், 80 சதவீதத்துக்கு மேல் ஈரத்தில் வளரும். நம்ம ஊர் காற்றுக்கென்றே பிறந்த மாதிரி. அதற்கு டீஹியூமிடிஃபையர் வேண்டாம், கோணிப்பையும் தண்ணீரும் போதும். திண்டிவனத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, ஒரு சனிக்கிழமை போய் விசாரியுங்கள். இன்னொன்று, 2024 ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அந்த மாதிரி நாளில் கரண்டு போனால் லெட்யூஸ் அறைக்கு ஜெனரேட்டர் செலவும் சேரும்.

இல்லை, லெட்யூஸ்தான் என்றால், விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள். கேட்டலாக்கில் போட்டிருக்கும் "தினம் இத்தனை லிட்டர்" பெரும்பாலும் 30 டிகிரி, 80 சதவீத ஈரத்தில் எடுத்த கணக்கு. உங்கள் அறை 24 டிகிரி, 60 சதவீதத்தில் ஓடும். அங்கே அதே மெஷின் பாதி எடுத்தாலே பெரிசு. "24 டிகிரி, 60 சதவீதத்தில் யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் எடுக்கும்?"

நம்ம நண்பர் இதை வாட்ஸ்அப்பில் கேட்டார். வெள்ளிக்கிழமை வரை பதில் வரவில்லை. அட்வான்ஸும் போகவில்லை.