ஹக்கா: சிரிப்பதற்கு முன் அறிந்துகொள்வோம்

இவ்வருட இல்ல விளையாட்டுப் போட்டிக்காக எமது இல்லத்து மாணவிகள் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியைத் தயாரிக்கத் தொடங்கினோம். நியூசிலாந்து றக்பி அணியினர் போட்டிக்கு முன்னர் ஆடும் ‘ஹக்கா’வைப் போல, முகத்தில் கரி பூசி, கண்களை உருட்டி, நாக்கை நீட்டி ஆடுவதுதான் திட்டம். அறிமுக உரை எழுதும் பொறுப்பு எனக்கு. உரைக்காகத் தேடி வாசிக்கப் போய், நிகழ்ச்சியையே கைவிடும்படி தோழிகளிடம் கேட்க வேண்டியதாயிற்று. ஏன் அப்படிக் கேட்டேன் என்பதை இங்கே விளக்குகிறேன்.

ஹக்கா, நியூசிலாந்தின் பூர்வீகக் குடிகளான மாவோரி மக்களின் மரபு. பலரும் அதைப் போர் நடனம் என்று மட்டுமே எண்ணுகின்றனர். ஆனால், விருந்தினரை வரவேற்கவும், திருமணங்களிலும், இறந்தவருக்கு இறுதி மரியாதை செலுத்தவும்கூட அவர்கள் ஹக்கா ஆடுகின்றனர். நிலத்தை மிதிப்பதும், மார்பிலும் தொடையிலும் அறைவதும், கண்களை அகல விரிப்பதும் வெறும் சேட்டைகள் அல்ல. மனதில் உள்ளதை உடல் முழுவதாலும் சொல்லும் முறை அது.

நியூசிலாந்து அணி நீண்டகாலமாக ஆடிவரும் ‘கா மாத்தே’ என்னும் ஹக்காவை 1820ஆம் ஆண்டளவில் இயற்றியவர் தே ரௌபராஹா என்ற தலைவர். பகைவர் துரத்தியபோது, உணவு சேமிக்கும் குழியொன்றில் அவர் ஒளிந்திருந்தார். ஆபத்து நீங்கி வெளியே வந்து மீண்டும் சூரிய ஒளியைக் கண்ட மகிழ்ச்சியே அதன் பொருள். நான் மிரட்டல் என்று நினைத்தது, உயிர் பிழைத்த ஒருவரின் ஆனந்தம்! 2014இல் நியூசிலாந்து பாராளுமன்றம், கா மாத்தே அவருடைய படைப்பு என்பதை அங்கீகரித்துத் தனிச் சட்டமே இயற்றியது.

றக்பி மைதானத்துக்கு இது 1888–89இல், மாவோரியரைப் பெரும்பாலும் கொண்ட அணியொன்று பிரித்தானியாவுக்குச் சென்றபோதே வந்துவிட்டது. ஆனால், பிற்காலத்தில் நியூசிலாந்து வீரர்களே அதைச் சரியாகப் பயிலாமல் ஏனோதானோவென்று ஆடினர். 1980களில் பக் ஷெல்ஃபோர்ட், ஹிகா ரீட் என்ற மாவோரி வீரர்கள்தான், ஆடுவதானால் முறையாகக் கற்று ஆடவேண்டும் என்று மாற்றியமைத்தனர். சொந்த நாட்டவருக்கே இது பொருந்துமானால், கூகிளில் பார்த்துக் கரி பூசிக்கொள்ளும் நாங்கள் எம்மாத்திரம்?

எதிரணி என்ன செய்வது? ஹக்கா ஒரு சவாலும்தான். அதற்குப் பதில் கொடுப்பது அவமதிப்பாகாது. 2019 உலகக் கிண்ண அரையிறுதியில் இங்கிலாந்து வீரர்கள் ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் நின்று ஹக்காவை எதிர்கொண்டனர். சிலர் மத்திய கோட்டைத் தாண்டியதால் அவ்வணிக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. ஆயினும் நியூசிலாந்துப் பயிற்றுவிப்பாளரே அந்தப் பதிலைப் பாராட்டினார். 2016இல் சிக்காகோவில் அயர்லாந்து வீரர்கள், அண்மையில் காலமான அந்தனி ஃபோலியின் நினைவாக, அவர் அணிந்த 8ஆம் இலக்கத்தின் வடிவில் நின்று ஹக்காவைப் பார்த்தனர். பின்னர் 40–29 என்று வென்று, நியூசிலாந்துக்கு எதிரான தமது முதல் வெற்றியையும் பெற்றனர். மரியாதை அவர்களைப் பலவீனப்படுத்தவில்லை.

நியூசிலாந்து அணியும் மரியாதையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. 2020இல் மரடோனா காலமாகி மூன்றாம் நாள், ஆர்ஜென்டீனாவுடனான போட்டியில், ஹக்காவுக்கு முன் அணித்தலைவர் சாம் கேன் முன்னே சென்று, மரடோனாவின் பெயரும் 10ஆம் இலக்கமும் பொறித்த கறுப்பு ஜேர்சியை எதிரணியின் முன் வைத்தார்.

இதை வாசித்தபோது எனக்குக் கடந்த வருடத்து வலைப்பந்தாட்டப் போட்டி நினைவுக்கு வந்தது. ஆட்டத்துக்கு முன் நாங்கள் வட்டமாக நின்று கையேந்தி துஆ கேட்டோம். எதிரணி மாணவிகள் சிலர் எங்களைப் போலவே கையேந்திக் காட்டிச் சிரித்தனர். அவர்களுடைய தலைவி திரும்பிப் பார்த்து, விரலை உதட்டில் வைத்தாள். அனைவரும் அமைதியாகி, நாங்கள் ஆமீன் சொல்லும்வரை காத்திருந்தனர். அன்று தோற்றோம்; எத்தனை கோல் என்பது மறந்துவிட்டது. அந்தத் தலைவியின் முகம் மறக்கவில்லை. இப்போது நான் அவளுடைய பக்கத்திலா, சிரித்தவர்களின் பக்கத்திலா?

மதிப்பது வேறு, பின்பற்றுவது வேறு. பிறர் சடங்கில் நாம் பங்கெடுக்க வேண்டியதில்லை. அது முடியும்வரை அமைதியாக நிற்பதும், அறியாமல் கேலி செய்யாதிருப்பதும் போதும். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்கக் கூடாது என்பதையும், மக்கள் பல சமூகங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே என்பதையும் சூரா அல்ஹுஜுராத் எமக்குக் கற்பிக்கிறது. ஓதத் தெரிந்த எனக்கு, அது விளையாட்டு மைதானத்துக்கும் உரியது என்பது புரியத் தாமதமாகிவிட்டது.

தோழிகள் சிலர் இரண்டு நாட்கள் என்னோடு பேசவில்லை. வேறு நிகழ்ச்சி தயாரிக்க நேரம் போதாமல், அந்த அங்கத்தில் எமது இல்லம் கடைசி இடத்தையே பெற்றது. ஆனாலும், விருது வழங்கலின்போது வாப்பாவின் அருகில் அமர்ந்திருந்த எனக்கு வெட்கமாக இருக்கவில்லை.